கிளைவ் வாங்கிய கிளேர்மாண்ட் பூங்கா: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆற்காட்டுக்காரன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கிப்போக இங்கிலாந்து வந்திருக்கிறேன். அவள் இருப்பது சர்ரே பகுதியில், ஈஷர் என்ற ஊருக்குப் பக்கத்தில்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியுடன் கிளேர்மாண்ட் என்ற பூங்காவுக்குப் போனோம். நடுவில் ஏரி. ஏரிக்குள் மரங்கள் அடர்ந்த ஒரு தீவு, அதில் சின்ன மண்டபம். கரையிலிருந்து எழும் மேடு முழுவதையும் வளைவு வளைவான படிகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். கல் இல்லை, செங்கல் இல்லை, எல்லாம் மண்ணும் புல்லும். உச்சியில் நின்று பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், சற்று நேரம் பேச்சு வரவில்லை. பேத்தி அந்தப் படிகளில் உருண்டு விளையாடினாள். யாரும் அதட்டவில்லை.

பிறகு தேநீர் குடிக்கும்போது மகள் சொன்னாள்: "அப்பா, இந்த எஸ்டேட் ஒரு காலத்தில் ராபர்ட் கிளைவுடையது. அவர் கட்டிய மாளிகை அந்தப் பக்கம் இருக்கிறது. இப்போது பள்ளிக்கூடம்."

எங்கள் ஊர் டில்லி கேட்டைப் பார்த்தவர்களுக்கு என் நிலைமை புரியும். ஆற்காட்டுக் கோட்டையில் எஞ்சி நிற்பது அந்த வாயில்தான். 1751இல் கிளைவ் ஒரு சிறு படையுடன் கோட்டையைப் பிடித்து, ஏறத்தாழ 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். வாயிலின் மேலே உள்ள அறையை இன்றும் கிளைவ் அறை என்றுதான் சொல்கிறோம். ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே நடத்திக்கொண்டு போய்க் காட்டியவன் நான். அந்தக் கதை ஆற்காட்டில் தொடங்கியது எனக்குத் தெரியும். வந்து முடிந்த இடம் இத்தனை அழகாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை. அந்த அழகு என்னைத் தொந்தரவு செய்கிறது.

இந்த இடத்தை அறிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்தப் புல் படிகளைக் கிளைவ்தான் வெட்டச் செய்தாரா?

சர்ரேவாசி எழுதியது:

வாருங்கள் ஐயா. பதினாறு ஆண்டுகளாக இங்கேதான் இருக்கிறேன். கிளேர்மாண்டுக்கு நூறு முறையாவது போயிருப்பேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இல்லை. கிளைவ் வந்தபோது அந்தப் படிகளுக்கு ஏறத்தாழ ஐம்பது வயது ஆகியிருந்தது.

முதலில் இங்கே வீடு கட்டியவர் ஜான் வான்பரோ. நாடகம் எழுதியவர், பிறகு கட்டடக் கலைஞர் ஆனவர். பிளென்ஹைம் அரண்மனையை வடிவமைத்தவரும் அவரே. 1708 வாக்கில் இந்த நிலத்தை வாங்கித் தமக்கென ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டார். 1714இல் தாமஸ் பெல்ஹாம் ஹோலிஸ் என்ற இளம் பிரபுவுக்கு விற்றார். அப்போது அவருக்கு கிளேர் பிரபு என்று பட்டம். மேட்டின் மேல் கோபுரம் ஒன்று கட்டினார்கள், கிளேரின் குன்று என்ற பொருளில் கிளேர்மாண்ட் என்று பெயரும் வைத்தார்கள். இவரே பின்னாளில் நியூகாசில் கோமகன். இரண்டு முறை பிரதமராக இருந்தவர்.

நீங்கள் பார்த்த புல் அரங்கம் 1720களில் தோட்டக் கலைஞர் சார்லஸ் பிரிட்ஜ்மன் செய்தது. மூன்று ஏக்கருக்கு மேல். அதில் நாடகம் போடும் நோக்கம் இல்லை. மேலே நின்று சுற்றுப்புறத்தைப் பார்க்கவும், கீழே நின்று மேட்டைப் பார்க்கவும் செய்தது. அரங்கத்தின் கீழே முதலில் வட்டமான குளம்தான் இருந்தது. 1730களில் வில்லியம் கென்ட் வந்து அந்த வட்டத்தைக் கலைத்து, கரையை இயல்பாக வளையவிட்டு, தீவும் மண்டபமும் சேர்த்தார். கட்டம் போட்ட தோட்டத்திலிருந்து "தானாக அமைந்தது போன்ற" தோட்டத்துக்கு இங்கிலாந்து மாறிய அந்த இருபது ஆண்டுகளை இந்த ஒரே ஏரிக்கரையில் நின்று பார்க்கலாம். இதனால்தான் எனக்குக் கிளேர்மாண்ட் பிடிக்கும். இதைவிடப் பெரிய பூங்காக்கள் நிறைய உண்டு. இவ்வளவு தெளிவாகப் பாடம் சொல்லும் பூங்கா குறைவு.

கிளைவ் 1769இல் கோமகனின் மனைவியிடமிருந்து வாங்கினார். விலை 25,000 பவுண்டு. வான்பரோவின் வீடு தாழ்வான இடத்தில் ஈரம் ஊறி நின்றது என்று அதை இடித்துவிட்டு, மேட்டில் புதிய வீடு கட்டச் சொன்னார். கட்டியவர்கள் லான்சலாட் பிரவுனும் அவருடைய மருமகன் ஹென்றி ஹாலண்டும். "கேப்பபிலிட்டி" பிரவுன் என்று உலகம் அறிந்த தோட்ட வடிவமைப்பாளர் இந்த லான்சலாட்தான்.

மடைக்காரர் எழுதியது:

பொதுப்பணித்துறையில் ஏரிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். செங்கல்பட்டு, உத்திரமேரூர் பக்கம் என் கால் படாத கரை குறைவு. மகன் பிளென்ஹைமுக்கு அழைத்துப் போனபோது எல்லாரும் அரண்மனையைப் பார்த்தார்கள், நான் அணையைத் தேடினேன்.

பாலாற்றங்கரை ஐயா, இந்தப் பூங்காக்களை நம் ஊர்க் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். பிரவுனின் ஏரிகள் பெரும்பாலும் சிறு ஓடையை மறித்துக் கரை போட்டுத் தேக்கியவைதான். நம் முன்னோர் செய்த அதே வேலை. அடிமண் நீரைக் குடித்துவிடும் இடத்தில் களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டி, நீர் விட்டுப் பிசைந்து, மிதித்து மிதித்துப் படியவைப்பார்கள். மாடுகளையும் ஆடுகளையும் ஓட்டி மிதிக்கவைப்பதும் உண்டு. காய்ந்தால் வெடிக்கும், ஆகவே காயவிடாமல் நீர் விட வேண்டும். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கடல் கடந்த ஊரில் யாரோ ஒருவர் என் தொழிலைச் செய்திருக்கிறார் என்ற உணர்வு.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் ஏரியில் கரை தெரியும், மதகு தெரியும், கலங்கல் தெரியும். கரைமேல் நடந்தால் இது மனிதன் கட்டியது என்று சிறுபிள்ளைக்கும் புரியும். பிரவுன் கரையை மறைத்துவிடுவார். நீர் முடியும் இடத்தை ஒரு வளைவுக்குப் பின்னால் கொண்டுபோய், மரக்கூட்டம் ஒன்றை நட்டுவிடுவார். ஏரியா, ஆறா என்றே தெரியாது. பிளென்ஹைமில் 1764க்குப் பிறகு கிளைம் என்ற சிற்றாற்றை அணையிட்டு அவர் தேக்கிய நீர், வான்பரோ கட்டிய மாபெரும் பாலத்தின் கீழ்ப்பகுதியையே மூழ்கடித்தது. பாலத்துக்குள் அறைகள் இருந்தன, அவை நீருக்குள் போயின. இன்று பார்த்தால் அந்தப் பாலம் அந்த நீருக்காகவே கட்டியது போல இருக்கிறது. வேலையை இப்படி மறைக்கத் தனிக் கெட்டிக்காரத்தனம் வேண்டும்.

அந்தப் புல் படிகளைப் பற்றி ஒரு கேள்வி. மழைநீர் எப்படி வடிகிறது? மூன்று ஏக்கர் சரிவில் நீர் ஓட வழி இல்லை என்றால் இரண்டே மழைக்காலத்தில் படியெல்லாம் கரைந்திருக்கும். யாராவது பார்த்தீர்களா?

தென்றல்முற்றம் எழுதியது:

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. எதைப் பார்த்தாலும் அதன் பின்னால் யார் பணம், யார் இரத்தம் என்று தேடிக்கொண்டே இருந்தால் உலகில் எந்த அழகையும் பார்க்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போர்க் கொள்ளையும் வந்தது. கல்வெட்டே சொல்கிறது. அதற்காகக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்காமல் இருக்கிறோமா?

பாலாற்றங்கரை ஐயாவின் பேத்தி செய்ததுதான் சரி. புல்லில் உருள வேண்டும். கிளைவ் இறந்து இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த மரங்கள் அவரை அறியாது.

ஹூக்ளிக்கரை எழுதியது:

தென்றல்முற்றம் அவர்களே, கொல்கத்தாவில் இருபது ஆண்டுகளாக வாழும் தமிழச்சி எழுதுகிறேன். உங்கள் கருத்தை மதிக்கிறேன். ஆனால் ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1757இல் பிளாசிப் போருக்குப் பிறகு வங்காளத்தின் புதிய நவாப் மீர் ஜாஃபரிடமிருந்து கிளைவ் பெற்ற தொகை 2,34,000 பவுண்டு. 1759இல் அவருக்கு ஒரு ஜாகிர் கிடைத்தது. கல்கத்தாவைச் சுற்றியுள்ள இருபத்துநான்கு பர்கானா (வருவாய் வட்டம்) நிலத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி நவாபுக்குக் கட்ட வேண்டிய குத்தகை, இனிமேல் கிளைவுக்கு வரும் என்ற ஏற்பாடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 பவுண்டு. சர்ரேவாசி சொன்ன விலையை நினைவில் வையுங்கள்: கிளேர்மாண்ட் எஸ்டேட் முழுவதும் 25,000 பவுண்டு. இருபத்துநான்கு பர்கானாக்களின் ஓர் ஆண்டுக் குத்தகையைக் கொண்டு அந்த எஸ்டேட்டை வாங்கி, மீதிப் பணமும் கையில் வைத்திருக்கலாம்.

அடுத்தது இன்னும் கொடியது. வாங்கியது 1769. வங்காளத்தில் மழை பொய்த்ததும் அதே 1769. பெரும் பஞ்சம் 1770. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் மதிப்பிட்டார். கிளைவ் 1767லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார், உண்மை. பஞ்சத்தை அவர் நேரில் நின்று உண்டாக்கவில்லை, அதுவும் உண்மை. ஆனால் பஞ்ச ஆண்டிலும் நிலவரி வசூலைத் தளர்த்தாத அந்தத் திவானி உரிமையை 1765இல் கம்பெனிக்காகப் பெற்றுக்கொண்டவர் அவரே. இங்கே மக்கள் விதைநெல்லைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கே மேட்டில் மாளிகைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இராசராசன் கொள்ளையைக் கல்லில் எழுதினான், நீங்களே சொல்லிவிட்டீர்கள். எந்த நாட்டை வென்று எதைக் கொண்டுவந்தேன் என்று சுவரில் வெட்டிவைத்தான். கிளேர்மாண்டின் புல்வெளியில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் நானும் உருண்டிருப்பேன்.

பாலாற்றங்கரை எழுதியது:

ஹூக்ளிக்கரை அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். ஓர் ஆண்டு ஜாகிரும் ஒரு எஸ்டேட்டும். இந்தக் கணக்கை நான் வகுப்பில் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆற்காடு முற்றுகை, ஆம்பூர் போர், வந்தவாசி என்று போர்களை வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, நானும் கேட்கவைக்கவில்லை.

தென்றல்முற்றம் அவர்களுக்கு: உங்கள் மீது வருத்தம் இல்லை. பேத்தி உருண்டதைத் தடுக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. அவள் வளர்ந்ததும் எப்படிச் சொல்வது என்பதே என் கவலை.

செடிகொடி எழுதியது:

தோட்டக்கலை படித்தவள் என்ற முறையில் ஒரு செய்தி. எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பிரிட்ஜ்மனின் புல் அரங்கம் இன்றைக்கு இருப்பதற்குக் காரணமே அது மறக்கப்பட்டதுதான். பிரவுனின் காலத்தில் இப்படிப்பட்ட வடிவியல் படிகள் பழைய பாணி என்று ஆகிவிட்டன. பல ஊர்களில் சமன் செய்துவிட்டார்கள். கிளேர்மாண்டில் அந்தச் சரிவை மரங்களும் புதர்களும் மூடிக்கொண்டன. பிறகு ரோடோடெண்ட்ரான் என்ற பூப்புதர் காடாகப் பரவியது. பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் 1949இல் இந்தத் தோட்டத்தின் 49 ஏக்கர் வந்தது. 1975இல் சீரமைப்புத் தொடங்கிப் புதர்களை வெட்டியபோது, வேர்களுக்கு அடியில் படிகள் அப்படியே இருந்தன. மண் அசையவில்லை. மரம் மூடியதால் யாரும் மண்வெட்டி போடவில்லை.

மடைக்காரர் ஐயாவின் கேள்விக்கு: படிகள் வெறும் வட்டமாக இல்லை. ஒரு பகுதி உள்ளே குழிந்து வளைகிறது, மற்றொரு பகுதி வெளியே புடைத்து வளைகிறது. வடிகால் விவரம் எனக்குத் தெரியாது. ஆனால் புல் வேரின் பிடிமானத்தை நீங்கள் குறைத்து மதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெயில் கொளுத்தாத நாட்டில், அடர்ந்த புல் ஒரு பாய் மாதிரி. நீர் மேலே வழிந்து ஓடும், மண்ணைத் தொடாது. கால்கள் மிதித்து ஒரே தடமாகிவிட்டால்தான் ஆபத்து.

இன்னொன்று. ஏரிக்கரையில் கிடைமட்டமாகக் கிளை விரித்து நிற்கும் பெரிய மரங்களைப் பார்த்திருப்பீர்கள். லெபனான் தேவதாரு. ஆங்கிலேய மாளிகைப் பூங்காவுக்கு அடையாளமாகவே ஆகிவிட்ட மரம், அந்த மண்ணின் மரம் இல்லை. மேற்காசியாவிலிருந்து வந்தது. அங்கே 1820களில் ஒரு கமேலியா இல்லமும் இருந்தது. கண்ணாடி வீடு போய்விட்டது, செடிகள் குளிரைத் தாங்கி நிற்கின்றன. கமேலியா நம் தேயிலைச் செடியின் நெருங்கிய உறவு. மாசி மாதம் நடுக்கும் குளிரில் சிவப்பாகப் பூத்து நிற்பதைப் பாருங்கள்.

ஜார்ஜ்டவுன்பேத்தி எழுதியது:

ஐயா, கதையின் நம் ஊர்ப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் கிளைவ் மாளிகை என்று ஒரு கட்டடம் இருக்கிறது, அட்மிரால்டி ஹவுஸ் என்றும் சொல்வார்கள். ஓர் ஆர்மீனிய வணிகரின் வீடு. 1753இல் புனித மேரி தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கலினைத் திருமணம் செய்துகொண்ட காலத்தில் கிளைவ் அங்கே வாடகைக்கு இருந்தார். இப்போது தொல்லியல் துறையின் அலுவலகம். உயர்ந்த கூடம், தடித்த சுவர், மாடி ஜன்னல் வழியே கடல் காற்று.

1744இல் சிறு சம்பளத்துக்கு எழுத்தராக வந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கூடத்தில் விருந்து வைத்தார். அடுத்த பதினாறு ஆண்டுகளில் ஒரு பிரதமரின் வீட்டை வாங்கி இடிக்கச் சொன்னார். இரண்டு கட்டடங்களையும் ஒரே மூச்சில் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஊர் திரும்பியதும் கோட்டைக்கும் ஒருமுறை வாருங்கள்.

சர்ரேவாசி எழுதியது:

இரண்டு நாள் வேலை நெருக்கடி. அதற்குள் இழை நன்றாக வளர்ந்துவிட்டது.

ஹூக்ளிக்கரை சொன்ன கணக்குக்குப் பிறகு மற்ற உரிமையாளர்களையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. கிளைவ் மாளிகைக்கும் தோட்டத்துக்கும் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்ததாகச் சொல்வார்கள். ஆனால் அதில் நிம்மதியாகக் குடியேறவே இல்லை. 1772, 1773இல் நாடாளுமன்றம் அவரை விசாரித்தது. என் முன்னால் குவிந்து கிடந்த செல்வத்தை நினைத்தால் நான் எடுத்துக்கொண்டது இவ்வளவு குறைவா என்று எனக்கே வியப்பாக இருக்கிறது என்று அவர் சொன்னது அந்த விசாரணையில்தான். 1774 நவம்பரில் லண்டன் வீட்டில் இறந்தார். பிறகு கிளேர்மாண்ட் விற்கப்பட்டது, செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்கவில்லை.

இந்த ஊர் உழவர்களிடையே ஒரு பேச்சு உலவியதாம். வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதிவைத்திருக்கிறார். ஒருநாள் பிசாசு வந்து தன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பாவிப் பிரபு சுவரை அவ்வளவு தடிமனாகக் கட்டுகிறான் என்று. மெக்காலே மிகைப்படுத்தி எழுதுபவர்தான். ஆனாலும் சர்ரேயில் மண் சுமந்த கூலியாளுக்கு வங்காளம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், அந்தப் பணத்தின் வாடை தெரிந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

1807இல் வாங்கியவர் சார்லஸ் ரோஸ் எல்லிஸ். ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்களும் அடிமைகளும் வைத்திருந்த குடும்பம். நாடாளுமன்றத்தில் தோட்ட முதலாளிகள் அணிக்குத் தலைவர் போல் இருந்தவர். 1816இல் அரசே 60,000 பவுண்டு கொடுத்து வாங்கி, இளவரசி சார்லட்டுக்கும் அவள் கணவர் லியோபோல்டுக்கும் திருமணப் பரிசாகக் கொடுத்தது. அரியணைக்கு வரவேண்டிய பெண் அவள். மறுஆண்டு நவம்பரில் இங்கேயே, குழந்தை இறந்து பிறந்த சில மணி நேரத்தில், அவளும் இறந்தாள். வயது 21. அவள் ஆசைப்பட்டு மேட்டில் கட்டத் தொடங்கியிருந்த தேநீர் மண்டபத்தை அவளுக்கே நினைவு மண்டபமாக மாற்றினார்கள். அவள் இறக்காமல் இருந்தால் விக்டோரியா என்ற அரசியே இல்லை. லியோபோல்டு பிறகு பெல்ஜியத்தின் முதல் அரசர் ஆனார். 1848இல் பிரான்சிலிருந்து ஓடிவந்த லூயி பிலிப் மன்னருக்கு அடைக்கலம் கொடுத்ததும் இந்த வீடுதான். 1850இல் அவர் இங்கேயே கண்ணை மூடினார்.

ஆற்காடு, வங்காளம், ஜமைக்கா, பாரிஸ். இத்தனை ஊர்களும் ஒரு சின்னப் பூங்காவில் வந்து சேர்ந்திருக்கின்றன.

தென்றல்முற்றம் எழுதியது:

நான் முதலில் எழுதியதை முழுவதும் திரும்பப் பெறமாட்டேன். ஆனால் ஹூக்ளிக்கரை அவர்களின் கல்வெட்டு வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு நாளாகப் படித்ததில் என் மனத்தில் தைத்த ஒன்றைச் சொல்கிறேன். இதை "நாமும் அவர்களும்" என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரிகிறது. இந்தப் பூங்காக்களுக்காக இங்கிலாந்தின் சொந்த ஊர்களே பெயர்க்கப்பட்டன. ஆக்ஸ்போர்டு அருகே நியூனம் கோர்ட்னி என்ற கிராமம் பிரபுவின் வீட்டுக்கு எதிரே கண்ணுக்கு உறுத்தலாக இருந்தது என்று 1760களில் ஊரோடு எடுத்துச் சாலையோரம் இரண்டு வரிசை வீடுகளாக வைத்தார்கள். டார்செட்டில் மில்டன் பிரபு ஒரு சந்தை ஊரையே இல்லாமல் செய்தார். ஜனங்களைப் பள்ளத்தாக்கில் ஒரே மாதிரியான குடிசை வீடுகளில் குடியேற்றினார்கள். ஊர் இருந்த இடத்தில் புல்வெளியும் நீரும். அதற்கும் பிரவுனின் கை உண்டு. மில்டன் ஆபஸ் என்ற அந்த மாற்று ஊரை இன்று அழகான கிராமம் என்று படம் எடுக்கப் போகிறார்கள். நானே போன வருடம் அந்தப் படத்தைக் கணினித் திரையில் வைத்திருந்தேன்.

மடைக்காரர் எழுதியது:

தென்றல்முற்றம், இதைச் சொன்னதற்கு நன்றி தம்பி. நீங்கள் சொன்னதோடு ஒட்டியதுதான் என் அடுத்த பதிவு.

"ஹா ஹா" என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வேலிக்குப் பதிலாகப் பள்ளம். வீட்டின் பக்கம் செங்குத்தான சுவர், தரைமட்டத்துக்குக் கீழே. எதிர்ப்பக்கம் மெல்லச் சரிந்து ஏறும் புல். வீட்டிலிருந்து பார்த்தால் தோட்டமும் மேய்ச்சல் நிலமும் ஒன்றாக, அடிவானம்வரை வேலியே இல்லாமல் ஓடுவது போலத் தெரியும். மாடு அந்தப் பக்கம் மேயும், மலர்ப்பாத்திக்கு வராது. இதை இங்கிலாந்தில் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் அதே பிரிட்ஜ்மன், ஸ்டோ தோட்டத்தில்.

பொறியாளனாக இதை நான் வியக்கிறேன். பயன் பெரிது. ஆனால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே அது வேலியா, வெளியா என்று தெரியும். வீட்டுக்காரருக்கு எல்லையில்லாத வெளி. மாட்டுக்கும் மாட்டுக்காரனுக்கும் ஏற முடியாத மதில். ஒரே சுவர்தான்.

சஸ்ஸெக்ஸ் பகுதியில் பெட்வொர்த், அப்பார்க் என்று இரண்டு மாளிகைகள். பெட்வொர்த்தின் பூங்கா பிரவுன் செய்தது. இரண்டிலும் சமையல் கட்டும் வேலையாட்களின் இடமும் தனிக் கட்டடம். அங்கிருந்து மாளிகைக்கு நிலத்தடிச் சுரங்கம். சுடச்சுடச் சமைத்ததைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் பூமிக்கு அடியில் நடந்தார்கள். புல்வெளியில் ஒரு மனிதத் தலைகூட ஆடவில்லை. கரையை மறைத்தது போலவே ஆளையும் மறைத்தார்கள். கிளேர்மாண்டில் லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் போகும் பெருவழியையே பிரவுன் திருப்பிவிட்டிருக்கிறார்.

நாற்பது ஆண்டு வேலையில் நான் கட்டிய எந்தக் கரையிலும் வேலை செய்த ஆட்களின் பெயர் இல்லை. ஆனால் கரை இருக்கிறது. அதைப் பார்த்தால் ஆள் வேலை செய்தான் என்று தெரியும்.

ஹூக்ளிக்கரை எழுதியது:

மடைக்காரர் ஐயா, உங்கள் கடைசி நான்கு வரிகளை என் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன்.

ஒரு தகவல் மட்டும். 2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் தன்னுடைய இடங்களுக்கும் காலனி ஆட்சி, அடிமை வணிகத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 93 இடங்கள். கிளைவின் பெயரும் அதில் வருகிறது. அங்கே பெரும் எதிர்ப்பு கிளம்பியது, வரலாற்றைக் கெடுக்கிறார்கள் என்று. நான் கேட்ட அந்த ஒரு வரிக் கல்வெட்டை எழுத யாரோ முயன்றிருக்கிறார்கள் என்பதில் எனக்கு நிறைவு. வேல்ஸில் பவிஸ் கோட்டையில் கிளைவ் குடும்பத்தின் இந்தியச் சேகரிப்பு இருக்கிறது. திப்புவின் பூ வேலைப்பாட்டுக் கூடாரமும் அங்கேதான். கிளைவின் மகன் எட்வர்டு சென்னையில் ஆளுநராக இருந்தபோது சீரங்கப்பட்டணம் விழுந்தது. முடிந்தால் போய்ப் பாருங்கள் ஐயா.

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பவிஸ் தொலைவு, இந்தப் பயணத்தில் முடியாது. ஆனால் நேற்றுக் கிளேர்மாண்டுக்கு மறுபடி போனேன். இந்த முறை தனியாக, மழைத் தூறலில்.

மடைக்காரர் ஐயாவுக்காக முதலில் வடிகால் தேடினேன். அரை மணி நேரம் படிகளின் ஓரமாக நடந்தேன். செடிகொடி அம்மா சொன்னதுதான் என் கண்ணுக்குப் பட்டது: நீர் புல்லின் மேலேயே வழிந்து இறங்குகிறது. ஓரிடத்தில் ஆட்கள் குறுக்கே ஏறி ஏறி ஒரு தடம் விழுந்து மண் வெளியே தெரிந்தது. அங்கே சிறு கயிறு கட்டி, ஏறாதீர்கள் என்று வைத்திருந்தார்கள். அந்தத் தடத்தில் நானும் போன வாரம் ஏறியவன்.

பணியாளர் ஒருவர் புல்துண்டுகளைப் பாய்போலச் சுருட்டி வைத்துக்கொண்டு, மண்டியிட்டு அந்தப் புண்ணை மூடிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். ஆற்காடு என்று சொன்னேன். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். முற்றுகையைச் சொன்னேன், டில்லி கேட்டைச் சொன்னேன், ஒரு குத்தகை ஆண்டின் கணக்கையும் சொன்னேன். என் ஆங்கிலம் தடுமாறியது. அவர் கையை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு, அந்த வாயிலை இப்போது யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்டார்.

தொல்லியல் துறை என்று சொன்னேன். சுற்றிலும் எப்படி இருக்கிறது, புல் இருக்கிறதா, மரம் இருக்கிறதா என்று மேலும் கேட்டார். என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளை அழைத்துப் போன இடம். வாயிலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதம் 14ஆம் தேதி ஊர் திரும்புகிறேன். போனதும் டில்லி கேட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, என்ன மரம், என்ன செடி, ஆற்றுப்பக்கம் எப்படி இருக்கிறது என்று இதே இழையில் எழுதுகிறேன். மடைக்காரர் ஐயா செங்கல்பட்டுதானே, ஒரு நாள் பஸ் ஏறி வர முடியுமா? மேலே ஏறும் படிக்கட்டு செங்குத்தாக இருக்கும், கையைப் பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

மடைக்காரர் எழுதியது:

வருகிறேன் ஐயா. தேதியை மட்டும் சொல்லுங்கள். பாலாற்றில் நீர் ஓடும் மாதமாக இருந்தால் இன்னும் நல்லது.